கான் மூடியில் தொடங்குவோம்: கொழும்பு வட்டாரங்களில் மக்கள் நம்பிக்கையையும் சமுதாயத் தலைமையையும் வளர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கொட்டாஞ்சேனையிலோ கொம்பனித்தெருவிலோ ஓர் ஒழுங்கை முனையில் கானின் (தெருவோர வடிகாலின்) மூடி உடைந்தால், அன்று மாலைக்குள் அந்தத் துவாரத்தில் ஒரு மரக்கிளை நட்டிருக்கும். நுனியில் சிவப்புத் துணித் துண்டு, இல்லாவிட்டால் பழைய பொலித்தீன் பை. பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதென்று பக்கத்து வீட்டுக்காரர் நட்டது. இலை வாடுமுன் புது மூடி வந்தால் சபைக்கு மதிப்பு. இலை உதிர்ந்து குச்சியாகக் காய்ந்து இரண்டு மாதம் நின்றால், மாநகர சபையைப் பற்றி அந்த ஒழுங்கைக்கு வேறு யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கிளையை நட்டவர்தான் இந்த வழிகாட்டியின் முக்கிய ஆள். பொறுப்பேற்க அவர் தயார். அவரோடு தொடர்பு வைக்கத்தான் சபைக்கு ஒழுங்கான வழி இல்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் நடக்கும்வரை இரண்டு வருடத்துக்கு மேல் மக்கள் பிரதிநிதிகளே இல்லாமல் ஆணையாளர்களின் கையில் நிர்வாகம் ஓடியது. உறுப்பினர் இல்லாமலும் குப்பை லொறி வரும், இருந்தாலும் கான் மூடி வராது என்று பலர் பழகிப்போனார்கள். இந்த மனநிலையை விழாவோ விளம்பரமோ மாற்றாது. திகதி சொல்லி, அந்தத் திகதியைக் காப்பாற்றி, தவறினால் மறைக்காமல் காரணம் சொல்லிக்கொண்டே போனால் மெல்ல மாறும். கீழே உள்ளவை எல்லாம் அதற்கான ஏற்பாடுகள். ஒரு வட்டாரத்தில் தொடங்குங்கள். நகரம் முழுவதும் ஒரே நாளில் தொடங்கினால் எங்கும் நடக்காது.

1. எது யாருடைய வேலை என்று ஒரு தாளில் எழுதுங்கள்

சபை மீதான கோபத்தில் கணிசமான பங்கு, சபைக்குச் சொந்தமில்லாத வேலைகளால் வருகிறது. காலி வீதி ஏ2 நெடுஞ்சாலை. அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அதிலிருந்து கடற்பக்கம் இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகள் மாநகர சபையுடையவை. குழாய்த் தண்ணீருக்குத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, இலக்கம் 1939. அதன் பெயரிலேயே ‘வடிகாலமைப்பு’ இருப்பதால் கான் அடைத்தாலும் சனம் அங்கேதான் அழைக்கிறது. ஆனால் கொழும்பு நகருக்குள் ஒழுங்கைக் கான்களும் கழிவுநீர்க் குழாய்களும் மாநகர சபையின் கையில். மின்தடைக்கு 1987, வீதி விளக்கு எரியாவிட்டால் சபை. வெள்ளவத்தைக் கால்வாய், தெமட்டகொடைக் கால்வாய் போன்றவை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தினுடையவை. மட்டக்குளி, மோதரை, தெமட்டகொடைப் பக்கத்து மாடிவீடுகளில் லிப்டோ தண்ணீர் மோட்டரோ பழுதானால் நகர அபிவிருத்தி அதிகார சபையா, தேசிய வீடமைப்பு அதிகார சபையா, அந்தக் கட்டடத்தின் முகாமைத்துவக் குழுவா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. வட்டாரத்துக்கு ஓர் எல்லை, கிராம சேவகர் பிரிவுக்கு இன்னொன்று, சபையின் நிர்வாக மாவட்டத்துக்கு (1, 2ஏ, 2பி, 3, 4, 5) வேறொன்று, பொலிஸுக்கு மற்றொன்று. கொழும்பு பிரதேச செயலகமா திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகமா என்பதும் தெருவுக்குத் தெரு மாறும்.

இதையெல்லாம் ஒரே ஏ4 தாளின் ஒரு பக்கத்தில் அடக்குங்கள். இடது பக்கம் பிரச்சினை, நடுவில் பொறுப்பான இடம், வலது பக்கம் தொலைபேசி இலக்கம். மூன்று மொழிக்கும் மூன்று தனித் தாள். அச்சடிக்கும் முன் ஒவ்வோர் இலக்கத்தையும் ஒரு வேலைநாள் காலை 10 மணிக்கு அழைத்துப் பாருங்கள். எடுக்காத இலக்கத்தை அச்சடிப்பதைவிடத் தாளே இல்லாதது நல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இந்தத் தாளைச் சபை தட்டிக்கழிக்கப் பயன்படுத்தும் ஆபத்தும் உண்டு. ஆகவே ஒரு கட்டாய விதி: ‘இது எங்களுடையது இல்லை’ என்று சொல்லும் அலுவலர், உரிய நிறுவனத்துக்குத் தானே எழுதி, அந்தக் கடிதத்தின் பிரதியை முறையிட்டவருக்குக் கொடுக்க வேண்டும். வேலை அடுத்தவருடையது, ஆள் நம்முடையவர்.

2. வட்டார நடை: ஆறு பேர், 90 நிமிடம்

வட்டார உறுப்பினர், வேலைப் பிரிவின் தொழில்நுட்ப அலுவலர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், திண்மக் கழிவு மேற்பார்வையாளர், அந்த இடத்தில் வசிக்கும் இருவர். அவர்களில் ஒருவராவது பெண். இதற்கு மேல் ஆள் சேர்ந்தால் ஊர்வலமாகிவிடும். சனிக்கிழமை காலை 7 மணி நல்ல நேரம்: குப்பை வெளியே இருக்கும், வெயில் ஏறியிருக்காது, வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேராவது வீட்டில் இருப்பார்கள். மழை பெய்து முடிந்த மறுநாள் இன்னும் நல்லது. தண்ணீர் எங்கே தேங்குகிறதென்று யாரையும் கேட்கத் தேவையில்லை.

கொண்டுபோக வேண்டியவை: அளவு நாடா, மஞ்சள் ஸ்பிரே பெயின்ற், இலக்கமிட்ட ஸ்டிக்கர்கள், ஒரு பதிவுப் புத்தகம். உடைந்த மூடிக்குப் பக்கத்தில் இலக்கத்தை எழுதுங்கள், நீள அகலத்தைக் குறியுங்கள், படம் எடுங்கள். அளவில்லாமல் எழுதினால் இரண்டாம் முறை அளக்க ஆள் வரவேண்டும், அதிலேயே மூன்று வாரம் போகும். முதல் நடையில் 25 விடயங்களுக்கு மேல் பதிவு செய்யாதீர்கள். நூறு எழுதிப் பத்துச் செய்தால் தொண்ணூறு பேருக்குச் சபை பொய் சொன்னதாகத்தான் ஆகும்.

நடக்கும்போது உறுப்பினர் வாக்குறுதி கொடுக்கவே கூடாது. “பதிந்திருக்கிறோம், உங்கள் இலக்கம் 14, வியாழக்கிழமைக்குள் திகதி சொல்வோம்” என்பதோடு நிறுத்த வேண்டும். அரசியல்வாதிக்கு இது மிகவும் கஷ்டமான பகுதி.

3. திகதி போட்ட முறைப்பாட்டுப் புத்தகம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய முடியுமென்றால் இதைச் செய்யுங்கள்.

வட்ஸ்அப் குழு முறைப்பாட்டுப் புத்தகமாகாது. காலை வணக்கத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவே கான் அடைப்பு மறைந்துபோகும். போன் இல்லாத கிழவி வெளியே நிற்பார். கார்பன் தாள் வைத்த இரட்டைப் பிரதிப் புத்தகம் ஒன்று போதும். ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு விடயம்: தொடர் இலக்கம், பெற்ற திகதி, முறையிட்டவர் விரும்பும் மொழி, இடம், பிரச்சினை, பொறுப்பான அலுவலரின் பதவி, முடித்துத் தரும் திகதி. பிரதி முறையிட்டவர் கையில். பெயர் கொடுக்க விரும்பாதவரிடம் பெயர் கேட்காதீர்கள். துண்டின் இலக்கம் போதும்.

முடித்துத் தரும் திகதியைத்தான் எல்லோரும் வெற்றிடமாக விடுவார்கள். அதை விடக் கூடாது. தொடக்கத்துக்கு நாங்கள் பரிந்துரைக்கும் கால எல்லைகள்: தவறிய குப்பை 24 மணித்தியாலம், வீதி விளக்கு 5 வேலைநாள், கான் அடைப்பு 4 நாள், உடைந்த மூடி 10 வேலைநாள், ஒழுங்கை திருத்தம் என்றால் திகதிக்குப் பதிலாக ‘மதிப்பீடு தயாராகும் திகதி’. இவை சட்டத்தில் உள்ளவை அல்ல. உங்கள் களஞ்சியத்தில் மூடி இருக்கிறதா, வார்க்க வேண்டுமா என்று பார்த்து மாற்றுங்கள். கொங்கிறீட் மூடி வார்த்தால் அதைக் குறைந்தது 7 நாள் நனைத்து வைக்க வேண்டும். ஆகவே மூன்று நாளில் புது மூடி என்று சொல்கிறவர் ஒன்றில் பொய் சொல்கிறார் அல்லது நொறுங்கும் மூடி தரப்போகிறார். உங்களுக்கு எட்டு நாள் எடுக்குமென்றால் பத்து நாள் சொல்லுங்கள். எட்டாம் நாளே வந்து நிற்கும் மூடியைப் பற்றி ஒழுங்கை முழுவதும் பேசும்.

பிழைக்கும் இடங்கள் மூன்று. அலுவலகத்தில் இருந்தபடியே ‘முடிந்தது’ என்று முத்திரை குத்துவது ஒன்று: கோப்பு மூடப்பட்டிருக்கும், கான் திறந்திருக்கும். ‘உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது’ என்பதை முடிவாகக் கணக்கெடுப்பது இன்னொன்று. திகதி தவறும்போது மௌனமாக இருப்பது மூன்றாவது. பெரிய சேதம் இதில்தான். மூன்றுக்கும் மருந்து ஒன்றே: பிரதியில் முறையிட்டவர் ஒப்பமிட்டால்தான் முறைப்பாடு மூடப்படும். திகதி தவறப்போகிறதென்று தெரிந்தால், அந்தத் திகதிக்கு முதல்நாளே அழைத்துச் சொல்லுங்கள்: என்ன தடங்கல், புதிய திகதி எது, யார் பொறுப்பு. இரண்டாம் முறையும் தவறினால் அது தானாகவே மாநகர ஆணையாளரின் மேசைக்குப் போக வேண்டும்.

ஒவ்வொரு மாத முடிவிலும் ஒரு பக்கக் கணக்கை வட்டாரத்தில் ஒட்டுங்கள்: வந்தவை, திகதிக்குள் முடிந்தவை, பிந்தி முடிந்தவை, முடியாதவை. முடியாதவற்றின் இலக்கங்கள் மேலே, பெரிய எழுத்தில்.

4. மூன்று மொழிப் பலகையும் அதிலுள்ள தமிழும்

வேலை நடக்கும் இடத்தில் வைக்கும் பலகையில் பொதுவாக அமைச்சரின் படம் பெரிதாகவும் தொகை சிறிதாகவும் இருக்கும். திருப்பிப் போடுங்கள். இருக்க வேண்டியவை: வேலையின் பெயரும் அளவும் (எத்தனை மீற்றர் கான், எத்தனை மூடி), ஒப்பந்தத் தொகை, பணம் எந்த நிதியிலிருந்து, ஒப்பந்தகாரர், தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, பொறுப்பான அலுவலரின் பதவியும் இலக்கமும். முடிவுத் திகதியை மாற்ற நேர்ந்தால் பழைய திகதியை அழிக்காமல் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள்.

கொழும்பில் தமிழ் பேசும் வாசகருக்கு ஒரு பலகையின் உண்மை அதன் தமிழில் தெரியும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, நிர்வாகம் சிங்களத்தில் நடக்கும் இடத்திலும் ஒருவருக்கு அரச அலுவலகத்தோடு தமிழில் அலுவல் பார்க்கவும் தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு. அந்த உரிமை பலகையில் எழுத்துப்பிழையாக வந்து நிற்கும்போது, சபை தன்னை எண்ணிப்பார்க்கவே இல்லை என்று வாசிப்பவர் முடிவுசெய்கிறார். அது பெரும்பாலும் அவமதிப்பால் வரும் பிழை அல்ல, வேலைமுறைப் பிழை. பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத அச்சகக் கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். யாரோ அதை அவசரமாக மாற்றுவார்கள். கொம்பு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில் போய் நிற்கும். ‘கொ’ பிளந்து ‘ெகா’ ஆகிவிடும். இல்லாவிட்டால் கணினியில் மொழிபெயர்த்ததை யாரும் வாசிக்காமலே ஒட்டிவிடுவார்கள்.

தடுக்கும் முறை எளிது. யூனிகோட்டில் தட்டுங்கள். அச்சகத்துக்கு எழுத்துரு பதிந்த பிடிஎஃப் கோப்பை அனுப்புங்கள். அச்சிடும் முன் மாதிரிப் பிரதி ஒன்றை அந்த வட்டாரத்தில் தமிழ் வாசிக்கும் இருவரிடம் கொடுத்து, ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர் சிங்களப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இருவரும் ஒப்பமிட்ட பிறகே அச்சு. இதற்கு அரை மணித்தியாலம் போகும். பிழையான பலகையைக் கழற்றி மறுபடி அடிக்க ஆகும் செலவு அதைவிடப் பல மடங்கு. அதற்குள் அது முகநூலில் போய்விடும் என்பது வேறு.

5. கூட்டம்

இடம்: கட்சி அலுவலகம் ஆகாது, உறுப்பினர் வீட்டு முற்றமும் ஆகாது. பாடசாலை மண்டபம், சனசமூக நிலையம், மாடிவீட்டின் கீழ்த்தளப் பொது மண்டபம் சரி. ஒரே மத நிலையத்தில் தொடர்ந்து கூட்டாதீர்கள். கோயில் மண்டபம், பள்ளிவாசல் மண்டபம், தேவாலய மண்டபம் என்று மாற்றினாலும் சிலர் வாசலோடு நிற்பார்கள்.

நேரம்: வெள்ளிக்கிழமை நடுப்பகல் ஜும்ஆ, செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகும் கூட்டம், ஞாயிறு காலை பூசையும் தனியார் வகுப்புகளும், துறைமுகத்தில் இரவு முறை வேலை, புறக்கோட்டையில் மாலை 6 மணி தாண்டியும் மூட்டை இறக்கும் நாட்டாமிமார். பல வட்டாரங்களில் ஞாயிறு மாலை 4.30க்கும் 6 மணிக்கும் இடையில்தான் அதிகம் பேர் வர முடியும். சமையல் நேரத்தில் கூட்டினால் பெண்கள் வரமாட்டார்கள், பிறகு “பெண்களுக்கு ஆர்வமில்லை” என்று அறிக்கை எழுதப்படும்.

90 நிமிடம், 40 பேர். மேடை வேண்டாம், கதிரைகளை வட்டமாகப் போடுங்கள். மாலை, பொன்னாடை, மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் சேர்ந்து அரை மணித்தியாலத்தை விழுங்கும். அந்த அரை மணிக்குள்தான் கூலி வேலைக்காரர் எழுந்து போகிறார். முதல் 15 நிமிடத்தில் சென்ற கூட்டத்தில் சொன்னவை வரிவரியாக வாசிக்கப்பட வேண்டும்: செய்தோம், செய்யவில்லை, ஏன். பிறகுதான் புது விடயம்.

மொழிபெயர்ப்பில் சுருக்கம் கூடாது. தமிழில் ஒருவர் மூன்று நிமிடம் பேசியதை “அவர் கான் பற்றிச் சொல்கிறார்” என்று சிங்களத்தில் ஒரே வரியில் முடித்தால், அவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இரு பக்கமும் முழுமையாக மாற்றுங்கள். கூட்டம் நீளும். அதற்காகத்தான் மேடைச் சடங்கை வெட்டினோம். கூட்டக்குறிப்பு ஐந்து நாளுக்குள் இரு மொழியிலும் ஒட்டப்பட வேண்டும்.

6. தலைவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்

‘சமுதாயத் தலைவர்களை உருவாக்குதல்’ என்று பட்டறை வைத்துச் சான்றிதழ் கொடுப்பதில் அதிகப் பயனில்லை. ஒரு தோட்டத்தில் (கொழும்பில் நெருக்கமான, வசதி குறைந்த குடியிருப்பை அப்படித்தான் சொல்வார்கள்) யாரிடம் பணத்தை நம்பிக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். சாவு வீட்டுச் செலவுக்கு உதவும் மரணாதாரச் சங்கத்தின் பொருளாளர். மாதச் சீட்டுப் பிடிக்கும் அக்கா. பந்தல், கதிரை, தேநீர்ப் பாத்திரம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்தத் த்ரீவீல்காரரின் கதவைத் தட்டுகிறார்களோ அவர். இருபது வீடுகளில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “அவசரத்துக்கு முதலில் யாரிடம் போவீர்கள்?” ஐந்து, ஆறு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். கட்சி அமைப்பாளரின் பெயர் அதில் வரவும் கூடும், வராவிட்டால் சேர்க்காதீர்கள்.

கொழும்புக்கு இது புதிதல்ல. 1970களின் இறுதியிலிருந்து மாநகர சபையின் சுகாதாரத் திணைக்களமும் யுனிசெப்பும் சேர்ந்து செய்த வேலையில் தோட்டங்கள்தோறும் சமுதாய அபிவிருத்தி மன்றங்கள் உருவாகின. 1980களின் நடுப்பகுதியில், அரசின் பத்து இலட்சம் வீட்டுத் திட்டக் காலத்தில், வனாத்தமுல்லையில் தொடங்கிய ‘சமுதாய ஒப்பந்த’ முறையில், சிறு கட்டுமான வேலைகள் வெளி ஒப்பந்தகாரருக்குப் பதிலாக அங்கு வசிப்பவர்களின் மன்றத்துக்கே கொடுக்கப்பட்டன. தன் வீட்டு வாசல் கானுக்குக் கலவையில் யாரும் சீமெந்தைக் குறைப்பதில்லை. அந்த முறையின் தர்க்கம் அவ்வளவுதான். பின்னாளில் ஐ.நா. குடியிருப்பு நிறுவனம் இதே முறையை வேறு நாடுகளுக்கும் கொண்டுபோனது. 2001இல் செவனத என்ற தொண்டு அமைப்பும் மாநகர சபையும் எடுத்த கணக்கில் நகரில் 1,614 குறைவசதிக் குடியிருப்புகளும் 77,612 குடும்பங்களும் இருந்தன. பல இடங்களில் மன்றம் என்ற பெயர் இன்றும் ஞாபகத்தில் உண்டு.

மன்றங்கள் ஏன் தளர்ந்தன? ஒரே ஆள் பதினைந்து வருடம் தலைவர். சபை அலுவலரின் இலக்கம் அவரிடம் மட்டும். ஆட்சி மாறினால் மன்றத்துக்கு எதிர்மன்றம். பணம் வராத காலத்தில் கூட்டமும் இல்லை. இதை முன்வைத்து, புதிய வட்டாரக் குழுவுக்கு நாங்கள் சொல்லும் கட்டமைப்பு:

- ஒன்பது பேர். குறைந்தது நான்கு பெண்கள், 30 வயதுக்குக் கீழ் இருவர், வாடகை வீட்டில் இருப்பவர் ஒருவர். வாடகைக்காரரை வாக்காளர் இடாப்பில் தேடினால் அகப்படமாட்டார். வீடு வீடாகத்தான் தேட வேண்டும்.
- பதவிக்காலம் இரண்டு வருடம். தலைவரும் பொருளாளரும் தொடர்ந்து இரண்டாம் முறை அதே பதவியில் இருக்க முடியாது.
- வங்கிக் கணக்கில் மூன்று ஒப்பக்காரர், அவர்களில் இருவர் கையெழுத்திட வேண்டும். ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர் ஒப்பக்காரராக இருக்கக் கூடாது.
- சபை அலுவலரைச் சந்திக்க எப்போதும் இருவர் போக வேண்டும், அவர்களில் ஒருவர் புதியவர்.

கடைசி விதி சின்னதாகத் தெரியும். ஆனால் தலைமை பரவுவது அதில்தான்: ஒரு வருடத்தில் ஒன்பது பேருக்கும் எந்த மாடியில் எந்த மேசை என்று தெரிந்துவிடும்.

பயிற்சியை வேலையோடு வையுங்கள். நூறு மீற்றர் கான் வேலை வரும்போது, தொழில்நுட்ப அலுவலர் குழுவுக்கு வேலை அளவுப் பட்டியலை ஒரு மாலை வாசித்துக் காட்டட்டும். மூடியின் தடிப்பு வரைபடத்தில் எவ்வளவு, கம்பி எத்தனை மில்லிமீற்றர், எவ்வளவு இடைவெளி, கலவை 1:2:4 என்றால் ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு கல் என்பதை எப்படிப் பெட்டியால் அளப்பது, வார்த்த பிறகு ஈரச்சாக்கு போட்டிருக்கிறதா. இவ்வளவு தெரிந்த இரண்டு பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால், கொந்தராத்துக்காரர் தானாகவே அளந்து கொட்டுவார்.

2016, 2017 சட்டத் திருத்தங்களால் உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீதம் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டு, 2018 பெப்ரவரி 10 தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அப்படி வந்த பெண் உறுப்பினர்களில் பலர் கட்சிப் பட்டியல் வழி வந்தவர்கள், தங்களுக்கென்று வட்டாரம் இல்லாதவர்கள். வட்டாரக் குழுக்களோடு இணைந்து வேலைசெய்யும் பொறுப்பை எழுத்தில் அவர்களுக்குக் கொடுங்கள். இரு தரப்புக்கும் பலம்.

7. சிறு பணத்தை மக்கள் தீர்மானிக்கட்டும்

பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரம் 1989இல் வரவு செலவுத் திட்டத்தின் ஒரு பகுதியைக் குடிமக்களின் தீர்மானத்துக்கு விட்டது. கேரளம் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றிலொன்றுக்கு மேற்பட்ட பங்கை உள்ளாட்சிகளுக்குத் திருப்பியது. கொழும்பில் அவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. ஒரு வட்டாரத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் போதும். தொகையைவிட நாட்காட்டி முக்கியம்.

நிதியாண்டு ஜனவரி 1இல் தொடங்குகிறது. வரவு செலவுத் திட்டம் டிசம்பரில் நிறைவேறுகிறது. நவம்பரில் மக்களைக் கேட்டால் கேட்டது கோப்பில் கிடக்கும். ஜூலையில் யோசனைகளைச் சேருங்கள். ஓகஸ்டில் பொறியியல் பிரிவு ஒவ்வொன்றுக்கும் மதிப்பீடு போட்டு, செய்ய முடியாதவற்றுக்குக் காரணம் எழுதட்டும். காணி சபையுடையதா என்பதை இந்தக் கட்டத்திலேயே பார்க்காவிட்டால், தெரிவான வேலை பிறகு அப்படியே நின்றுவிடும். செப்டெம்பரில் ஐந்து யோசனைக்குள் குறைத்து வாக்கெடுப்பு. ஒக்டோபரில் தெரிவானது வரைவுத் திட்டத்தில் தனி வரியாகவும், அடுத்த வருடக் கொள்முதல் திட்டத்தில் மாதம் குறித்தும் ஏற வேண்டும்.

வாக்கெடுப்புக்கு ஐந்து பிஸ்கட் டின், மூடியில் துவாரம், மேலே யோசனையின் படமும் மதிப்பீட்டுத் தொகையும். ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் வையுங்கள். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. மூன்றையும் ஒரே டின்னில் போடலாம், பிரித்தும் போடலாம். 16 வயதுக்கு மேற்பட்ட, அங்கு வசிக்கும் எவரும் போடலாம், விரலில் மை. முடிந்ததும் எல்லோர் முன்னாலும் தரையில் கொட்டிப் பத்துப் பத்தாக எண்ணுங்கள். பெரிய குடும்பங்கள் உள்ள ஒரே ஒழுங்கை மொத்தத்தையும் அள்ளிக்கொள்ளும் அபாயம் இருந்தால், சென்ற முறை வென்ற ஒழுங்கைக்கு இம்முறை இடமில்லை என்று முன்கூட்டியே அறிவியுங்கள். தோற்ற யோசனைகளுக்கு என்ன நடக்கும் என்றும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

வீடு, காணிக்குச் சபை அறவிடும் சோலைவரியின் கடிதம் இதற்கு நல்ல வாகனம். ஜனவரி 31க்குள் முழு ஆண்டுக்கும் கட்டினால் 10 சதவீதக் கழிவு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடிதத்தோடு ‘சென்ற வருடம் உங்கள் வட்டாரத்தில் செய்தவை’ என்று அரைப் பக்கம் இணைத்தால், பணம் எங்கே போகிறதென்ற கேள்விக்கு வரி கட்டுகிற நேரத்திலேயே பதில் கிடைக்கும்.

8. கேட்குமுன் காட்டுங்கள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாநகர சபைக்கும் பொருந்தும். கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலைநாளுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். எழுத முடியாதவர் வாயால் கேட்டால் அதை எழுத்தாக்குவதும் அலுவலரின் கடமை. இந்த விண்ணப்பங்களைத் தொல்லையாகப் பார்க்கும் சபை ஒரு நல்ல சைகையை இழக்கிறது. ஒரே விடயத்தை மூன்று பேர் கேட்டால், அதை உடனே பகிரங்கமாக வெளியிடுங்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி உறுப்பினர்கள் கொடுக்கும் சொத்து வெளிப்படுத்தலைப் பற்றிக் கூட்டத்தில் கேள்வி வந்தாலும் நேராகப் பதில் சொல்லுங்கள். இலஞ்ச முறைப்பாட்டு இலக்கமான 1954, சபைக் கட்டடத்தின் ஒவ்வொரு கருமபீடத்திலும் தமிழிலும் தெரியட்டும்.

9. நெருக்கடி வந்தால்

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில், மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மேடு கொலன்னாவையில். குப்பையில் பெரும்பகுதி கொழும்பு மாநகரத்தினுடையது. அங்கிருந்தவர்கள் பல வருடம் ஆர்ப்பாட்டம் செய்து எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கையைப் பெற்று, பதிந்து, பதில் சொல்லும் வழி சபைகளிடம் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் நகருக்கு இல்லை.

லொறி இரண்டு நாள் வராத சின்ன நெருக்கடியிலும் முறை ஒன்றே. முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் மூன்று வாக்கியம், இரு மொழியிலும்: என்ன நடந்தது, உக்கும் குப்பையை எப்போதுவரை உள்ளே வைத்திருக்க வேண்டும், அடுத்த அறிவிப்பு எத்தனை மணிக்கு. சொன்ன மணிக்குப் புதுச் செய்தி இல்லாவிட்டாலும் “இன்னும் தெரியவில்லை, அடுத்தது 6 மணிக்கு” என்று சொல்ல வேண்டும். மௌனமான ஒவ்வொரு மணித்தியாலத்திலும் வதந்தி ஒரு ஒழுங்கை தாண்டும்.

10. முதல் 90 நாள்

முதல் பத்து நாளில் பொறுப்புத் தாளும் இருபது வீட்டுக் கேள்வியும். 11ஆம் நாளுக்கும் 20ஆம் நாளுக்கும் இடையில் வட்டார நடை, 25 இலக்கங்கள், புத்தகம் திறப்பு. 30ஆம் நாளில் முதற்கூட்டம். அதுவரை எந்த விழாவும் வேண்டாம். 45ஆம் நாளுக்குள் ஒன்பது பேர் குழு. 60ஆம் நாளில் முதல் மாதக் கணக்குத் தாளும் இரண்டாம் கூட்டமும். 75ஆம் நாளில் அதே ஆறு பேர் அதே வழியில் மறுபடி நடந்து, 25 மஞ்சள் இலக்கங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

90ஆம் நாள் கூட்டத்தில் முடியாத இலக்கங்களை முதலில் வாசியுங்கள், அந்தந்த அலுவலரே எழுந்து நின்று புதிய திகதியைச் சொல்லட்டும். புத்தகத்தைக் கூட்டத்தின் நடுவே ஒரு கதிரையில் வைத்துவிடுங்கள்; யாரும் எடுத்துப் புரட்டலாம். முதல் நடையில் கிளை நட்டிருந்த வீட்டுக்காரர் வந்திருந்தால், அவருடைய துண்டின் ஒப்பத்தை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். மூடி இன்னும் வரவில்லையென்றால் ஒப்பம் கேட்காதீர்கள்; அடுத்த இலக்கத்துக்குப் போகுமுன் திகதியைக் கேளுங்கள்.